பதினாறு ஜோடிகளைப் பிரித்த டான்ஸ் மிஸ்

திண்டிவனத்தில் ஒரு பெண்மணி, ஒரே மேடையில், பதினாறு ஜோடிகளைக் கத்தரிக்கோல் போட்டுப் பிரித்துவிட்டார் என்ற செய்தி விழுப்புரம் பேருந்து நிலையத்தில் என் காதில் விழுந்தபோது சின்னதாகத்தான் இருந்தது. சொன்னவர் கொய்யாப்பழ வியாபாரி. பழத்தைக் கீறி மிளகாய்த்தூள் தடவிக்கொண்டே சொன்னதால் செய்தியிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். இருந்தாலும் விசாரித்துவிடலாமே என்று திண்டிவனம் வண்டியில் ஏறினேன்.

இந்த வட்டாரத்தில் வதந்தி அரசுப் பேருந்தில்தான் பயணம் செய்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதில் ஆள் ஏறும். யாரும் இறங்க மாட்டார்கள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறியவர், பிரிக்கப்பட்டவர்கள் எல்லாம் புதுமணத் தம்பதிகள் என்றார். விக்கிரவாண்டி தாண்டும்போது அவர்களைக் கயிறு கட்டி இரண்டு பக்கமும் இழுத்தார்கள் என்று ஆனது. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் கண்டக்டரும் சேர்ந்துகொண்டார்.

"இழுக்கும்போது ஒரு ஜோடி மட்டும் வரமாட்டேன்னு அடம் புடிச்சிதாம் சார். நாங்க பிரியவே மாட்டோம்னு மைக்குல அழுதுதாம். சனங்க கைதட்டிக்கினு பாத்துதாம்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாக்கறது? எனக்குத்தான் டூட்டியாச்சே."

திண்டிவனத்தில் இறங்கி, ஜோடிகளைப் பிரிக்கும் அம்மா வீடு எது என்று கேட்டேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. "டான்ஸ் மிஸ்ஸு வூடா?" என்று வழி காட்டினார்கள்.

அந்த வீட்டின் வாசலில் மனிதர் நுழைய இடம் இல்லாதபடி ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மரிய அருண் சவுண்ட் சர்வீஸ். பெட்டிகளுக்கு நடுவே தேர் வருவது போல ஒருவர் வந்தார். குள்ளமான உருவம், கழுத்தில் தாலிச் சங்கிலியோடு ஒரு விசில். ஆரோக்கியசெல்வி. விஷயத்தைச் சொன்னேன்.

"பிரிச்சேன்தான் சார். முப்பத்திரெண்டு பேரு. ஒருத்தர் சேலை கசங்கல" என்றார் அவர். "அதுக்கு என்னா இப்ப?"

உள்ளே ஒயர் சுற்றிக்கொண்டிருந்த கணவர் மரிய அருண் தலையை நீட்டினார். "மொதல்ல அவங்கல்லாம் பொம்பளைங்கன்னு சொல்லு செல்வி. இவரு மூஞ்சியப் பாத்தா எழுதற ஆளு மாரி தெரியுது."

வதந்தியின் முதல் சக்கரம் அங்கேயே கழன்றது. இனி அசல் கதை.

ஆரோக்கியசெல்வியின் அப்பா சூசைமுத்து கோயில் திருவிழாக்களில் பேண்டு வாசித்தவர். மகள் பேண்டுக்கு முன்னால் ஆடிக்கொண்டே போவார். அவருடைய நாட்டியப் படிப்பு அவ்வளவுதான். ப்ளஸ் டூ முடித்து ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளைச் சாப்பிட வைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வருடம் ஆண்டு விழாவுக்கு வரவேண்டிய டான்ஸ் மாஸ்டர் வரவில்லை. பி.டி. சாரின் விசிலை வாங்கி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கோட்டில் நிறுத்தி ஊதினார். முத்திரை கிடையாது, பாவம் கிடையாது. ஒரு விசிலுக்கு ஒரு கோடு. ரயில்வே யார்டில் பெட்டிகளைக் கோக்கிற மாதிரி பிள்ளைகள் வந்து சேர்ந்தன. பெற்றோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். விசிலை அவர் திருப்பித் தரவே இல்லை.

அதிலிருந்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் அந்த விசில் ஊதாத பள்ளிக்கூடம் குறைவு. எந்தப் பாடத்தையும் ஆட்டமாக்குவார். நாடாளுமன்றம் ஆடியிருக்கிறது, மழைநீர்ச் சேகரிப்பு ஆடியிருக்கிறது. ஜீரண மண்டல நடனத்தில் வந்த பிள்ளைகள் வளர்ந்து பைக்கில் போகிறார்கள். கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "மிஸ், நான்தான் பெருங்குடல்" என்று வணக்கம் வைக்கிறார்கள். அவரும் சளைக்காமல், "சிறுகுடலு எங்கடா இப்ப?" என்று விசாரிக்கிறார். சிறுகுடல் துபாயில் இருக்கிறதாம்.

இப்படிப்பட்டவருக்கு ஆபத்து ஒரு கல்யாண ரிசப்ஷனில் வந்தது. நெடுஞ்சாலையோரத்துக் கல்லூரி ஒன்றின் தாளாளர் சீனுவாசன் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அங்கே உடம்பெல்லாம் விளக்கு எரிய ஆடுகிற குழுவைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்தவர் மிஸ்ஸைக் கூப்பிட்டார்.

"செல்வி மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க விசிலு, சாக்பீசு எல்லாம் பழசாயிடுச்சு. இந்த வருசம் அறிவியல் தினத்துக்கு ஒரு வாய்ப்பு தர்றேன். சொதப்பாம பண்ணுங்க. சொதப்புனா அடுத்த வருசம் மெட்ராஸ் குரூப்புதான்."

ஒரு கல்லூரி போனால் அது மாதிரி எல்லாம் போகும் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். தாளாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துத்தான் சட்டை தைப்பார்கள். எனவே, "சரிங்க சார், தலைப்பு என்னாங்க?" என்றார்.

தலைப்பு தரும் பொறுப்பு உயிரியல் துறைத் தலைவர் பிரபாவதியிடம் இருந்தது. பிரபாவதி ஈஸ்ட்டில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். பன்னை உப்ப வைக்கிறதே, அதே ஈஸ்ட். அதைப் பற்றிப் பேச அந்தக் கல்லூரியில் அவருக்கு ஒரு ஆள் கிடைத்ததில்லை. மிஸ்ஸைக் கண்டதும் கையைப் பிடித்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

"பாருங்க செல்வி. பெரிய உருண்டை தாய் செல். அது ஓரத்துல மொட்டு மாதிரி சின்னதா முளைக்குதே, அது மகள்."

மிஸ் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "கல்யாண மண்டபத்த ஒட்டி சாப்பாட்டு ஹால் கட்டுன மாரி இருக்குது மேடம்."

"அதேதான்! நடுவுல குறுகலா ஒரு வாசல். மண்டபத்துக்குள்ள பதினாறு குரோமோசோம் இருக்கு. அந்த செல் எப்படிப் பொழைக்கணும்னு மொத்தமும் அதுலதான் எழுதியிருக்கு. பிரியறதுக்கு முன்னாடி பதினாறுக்கும் அச்சு அசலா நகல் எடுத்துக்கும். இப்ப பதினாறு ஜோடி ஆச்சா? ஒவ்வொரு ஜோடியையும் வளையம் போட்டுச் சேத்துக் கட்டி வெச்சிருக்கும்."

"எதுக்கு மேடம் கட்டணும்? ஓடிடுமா?"

"கட்டலைன்னா எது யாரோட ஜோடின்னு கணக்கே இருக்காது. கட்டினப்புறம் மண்டபத்துலேர்ந்து ஒரு கயிறு, ஹால்லேர்ந்து ஒரு கயிறு. ஜோடியில ஒருத்தியை இவங்க இழுப்பாங்க, இன்னொருத்தியை அவங்க இழுப்பாங்க. பதினாறு ஜோடியும் சரியா மாட்டின பிறகு கத்தரி மாதிரி ஒரு நொதி வரும். எல்லா வளையத்தையும் சேர்ந்தாப்புல வெட்டிடும். தாய்க்குப் பதினாறு, மகளுக்குப் பதினாறு. முடிஞ்சுது."

"ரெண்டு பேரும் ஒரே பக்கத்துக் கயித்துல மாட்டிக்கினா?"

பிரபாவதிக்குக் கண் பளபளத்தது. இருபது வருடமாக எந்த மாணவரும் கேட்காத கேள்வி. "அங்கதான் செல்லோட சாமர்த்தியம். ரெண்டு பக்கமும் இழுத்தா நடுவுல விறைப்பா இருக்கும். ஒரே பக்கம் மாட்டினா தொய்வு. தொய்வா இருந்தா கயிறைக் கழட்டி மறுபடி மாட்டும். கடைசி ஜோடி சரியாகிற வரைக்கும் கத்தரியைத் தொடவே தொடாது. அவசரப்பட்டு வெட்டினா ஒரு பக்கம் பதினேழு, ஒரு பக்கம் பதினஞ்சு. பதினஞ்சு கிடைச்சது பெரும்பாலும் செத்துப்போகும்."

மிஸ் சாக்பீஸை எடுத்து மேசையிலேயே எழுதினார்: விறைப்பு வந்தால் விசில்.

மாணவிகளைக் கூப்பிட்டு வேடம் கொடுத்தார்கள். "குரோமோசோம்ல ஹீரோயின் யாரு மிஸ்?" என்று கேட்டார்கள். எல்லாரும் சமம் என்றதும் எல்லாருக்கும் தேர்வு வந்துவிட்டது. கயிறு இழுக்க மட்டும் கபடிக் குழுப் பையன்கள் ஒத்துக்கொண்டார்கள். மூளைக்கு வேலை இல்லாத இடம் என்று தெரிந்திருக்கும். கத்தரி பிடிக்கத் தையல் வகுப்புப் பெண்கள் பதினாறு பேர் கிடைத்தார்கள். முப்பத்திரண்டு குரோமோசோம்களுக்கு எங்கே போவது?

ஆரோக்கியசெல்விக்கு அப்போதுதான் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஞாபகம் வந்தன. நம் பக்கத்தில் எந்தக் குழுவாக இருந்தாலும் முதல் தீர்மானம் ஒரே நிறத்தில் சேலை எடுப்பதுதான்; கடன், வட்டி எல்லாம் இரண்டாவது. ஒரு குழு கத்தரிப்பூ நிறம், ஒரு குழு கிளிப்பச்சை, இன்னொன்று மாம்பழ மஞ்சள். குழுவுக்கு இரண்டு பேர் என்று பதினாறு குழுவில் கேட்டு வாங்கினால் பதினாறு ஜோடி நகல் தயார். வல்லத்திலிருந்து கிளிப்பச்சை வந்தது. அதில் ஒருவர் கெங்கம்மாள். வயலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பிடுங்கி முறுக்கேறிய கை. பொம்மையார்பாளையத்திலிருந்து கத்தரிப்பூ வந்தது: சூசை மேரி, வெனிலா என்ற இரண்டு ஓரகத்திகள். வரும்போதே படகுக் கயிறும் கொக்கியும் கொண்டுவந்தார்கள். இழுக்க அதுவே போதும் என்று ஆனது.

மைதானத்து மேடையில் பெரிய பந்தல் ஒன்று, அதை ஒட்டிச் சின்னப் பந்தல் ஒன்று, நடுவில் குறுகலாக வாசல். ஜோடிகள் வாசல் பக்கம் வரிசையாக நிற்க வேண்டும். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிற்றுக் கொக்கி. ஜோடியின் கைகளைச் சேர்த்துக் கட்டப் பாவாடை நாடா.

முதல் ஒத்திகையில் மிஸ் விசில் ஊதினார். நாடாவை அவிழ்த்தார்கள். முப்பத்திரண்டு பேரும் ஜோடி ஜோடியாகக் கைகோத்துப் பெரிய பந்தலுக்கே ஓடினார்கள். சின்னப் பந்தலில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"என்னாம்மா பண்றீங்க? ஆளுக்கொரு பக்கம் போவணும்!"

"அதெப்படி மிஸ்ஸு?" என்றார் வெனிலா. "எந்த ஃபங்சனுக்குப் போனாலும் குழு சேலை ஒரே எடத்துலதான் நிக்கும். ஃபோட்டோவுல தனித்தனியா நின்னா எங்க லீடரு சண்டையான்னு கேப்பாங்க."

"இது ஃபங்சன் இல்ல. செல்லு!"

"எந்தச் செல்லா இருந்தா என்னா? ஃபோட்டோ எடுப்பாங்க இல்ல?"

பதினாறு குழுத் தலைவிகளுக்கும் போன் போட்டு, இது சண்டை அல்ல, நகல் என்று விளக்கிச் சொல்ல ஒரு முழு நாள் போயிற்று. அடுத்த ஒத்திகையில் இன்னொரு பேஜாரு. கபடிப் பையன்கள் இழுத்த இழுப்பில் கடையில் வாங்கிய நாடாக்கள் விசிலுக்கு முன்பே பட்பட்டென்று அறுந்தன. யார் எங்கே விழுந்தார்கள் என்று பிரபாவதி எண்ணிப் பார்த்து, "ஒரு பக்கம் பத்தொன்பது, ஒரு பக்கம் பதிமூணு. செத்துச்சு செல்லு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். கெட்டி நாடாவாகத் தேடி வாங்கினார்கள். வாங்கியது பதினைந்து ஜோடிக்குத்தான் வந்தது. கடைக்காரரிடம் மேற்கொண்டு இல்லை.

அப்போது கெங்கம்மாள் தன் பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்தார். கூடாரத் துணியை நாலு மடிப்பாக மடித்துத் தைத்தது. "மாட்டக் கட்டுனாக்கூட அறுவாது. மாத்துப் பாவாடையிலேர்ந்து உருவிக்கினு வந்தேன். திருப்பிக் குடுத்துடணும் மிஸ்ஸு, ஆமா."

"கண்டிப்பா குடுத்துடறேங்க்கா."

மேடையில் அதை வெட்டுவார்கள் என்று கெங்கம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. கத்தரி பிடிக்கும் பெண்கள் அன்றுவரை ஒத்திகைக்கு வரவே இல்லை. அந்த நாடா கத்தரிப்பூ நிற ஓரகத்திகளின் கைக்குப் போயிற்று.

அறிவியல் தினம். முன்வரிசையில் சீனுவாசன். பக்கத்தில் சிறப்பு விருந்தினராகச் சென்னையிலிருந்து வந்த ஓய்வு பெற்ற உயிரியல் பேராசிரியை. பின்னால் மாணவர் கூட்டம். மரிய அருண் டிரம் ஓசையைப் போட்டார். முப்பத்திரண்டு பேரும் கொக்கியை மாட்டிக்கொண்டார்கள். பையன்கள் இழுத்தார்கள். நாடாக்கள் வீணைத் தந்தி போல நின்றன. தையல் பெண்கள் கத்தரியைத் திறந்து பிடித்தார்கள். மிஸ் ஸ்டூல் மேல் ஏறி, விசிலை உதட்டில் வைத்து, கண்ணை ஓட்டினார்.

பதினைந்து நாடா விறைப்பு. ஒன்று தொய்வு. சூசை மேரியும் வெனிலாவும் இருவருமே பெரிய பந்தல் கயிற்றில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நடுவில் கெங்கம்மாளின் நாடா ஊஞ்சல் போலத் தொங்கியது.

மிஸ் ஊதவில்லை.

"வெனிலா! கொக்கியக் கழட்டி அந்தாண்ட மாட்டு!"

"அந்தாண்ட ஃபேனு இல்ல மிஸ்ஸு!"

மரிய அருண் மைக்கை எங்கே வைத்திருந்தார் என்று கேட்காதீர்கள். கல்லூரி முழுக்கக் கேட்டது. மாணவர்கள் ஓவென்று சிரித்தார்கள்.

"நீ போயேன்டி" என்று வெனிலா சூசை மேரியைத் தள்ளினார்.

"நான் ஏன் போறேன்? மூத்த மருமவ நானு. பெரிய பந்தல்லதான் நிப்பேன்."

"வூட்லயும் உனக்குத்தான் ஃபேனு, இங்கயும் உனக்குத்தானா?"

டிரம் ஓசை முடிந்தது. மரிய அருண் திரும்பவும் முதலிலிருந்து போட்டார். கூட்டத்தில் பொறுமை போய், பின்வரிசை விசில் அடிக்க ஆரம்பித்தது. அதைக் கேட்டதும் தையல் பெண்கள் திகைத்தார்கள். நாலு கத்தரிகள் மூடப் பார்த்தன. ஆரோக்கியசெல்வி ஸ்டூல் மேல் இரண்டு கையையும் விரித்துக் கத்தினார்: "என் விசிலுக்குத்தான்! அடுத்தவன் விசிலுக்கு வெட்டுனீங்க, தொலைச்சிடுவேன்!"

முன்வரிசையில் சீனுவாசன் பாதி எழுந்து, ஊதித் தொலையுங்கள் என்று ஜாடை காட்டினார். ஊதினால் ஆட்டம் முடியும், கைதட்டல் வரும், கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு கத்தரிப்பூச் சேலை இடம் மாறியது தெரியாது. தாளாளருக்கே தெரியாது. பிரபாவதிக்கு மட்டும் தெரியும்; அவர் மேடையோரத்தில் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மிஸ் தாளாளரைப் பார்த்தார், தொங்கும் நாடாவைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது முறை டிரம் ஓசை.

"வெனிலா, கண்ணு" என்றார் மிஸ், குரலை இறக்கி. "போய் நில்லு. வூட்டுக்குப் போறப்போ எங்க வூட்டுக்காரரு கிட்ட சொல்லி டேபிள் ஃபேனு ஒண்ணு குடுக்கச் சொல்றேன்."

"யாரு வூட்டு ஃபேனு?" என்று ஒலிபெருக்கியில் மரிய அருண் அலறினார்.

வெனிலா கொக்கியைக் கழற்றினார். சின்னப் பந்தல் பையன் கயிற்றை வீச, பிடித்து மாட்டினார். இழுத்தான். தொங்கிய நாடா மெல்ல எழுந்து, நேராகி, விறைத்தது. மிஸ் விசிலை வாயில் வைத்த அதே நொடியில், கிளிப்பச்சை வரிசையிலிருந்து கெங்கம்மாள் தன் நாடாவின் மேல் வாயைத் திறந்திருந்த கத்தரியைக் கவனித்துவிட்டார்.

"ஏ புள்ள! வெட்டாத! அது என் நாடா—"

விசில். பதினாறு கத்தரியும் ஒரே சத்தமாக மூடின. படகுக் கயிறுகள் சுருண்டன, சேலைகள் பறந்தன, முப்பத்திரண்டு பேரும் இரண்டு பக்கமும் தெறித்துப் போனார்கள். பெரிய பந்தலில் பதினாறு நிறம், சின்னப் பந்தலில் அதே பதினாறு நிறம். நடுவாசல் திரை விழுந்தது. மகள் செல் தனியாகப் பிரிந்து போனது. தாயின் பக்கச் சுவரில், மொட்டு முளைத்த இடத்தில் வட்டமாக ஒரு சிவப்புத் துணி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நிஜ ஈஸ்ட்டிலும் பிள்ளை பிரிந்த இடத்தில் அப்படி ஒரு வடு நிற்குமாம்.

சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். மைக்கைப் பிடித்து, "வெட்டறதை எல்லாரும் காட்டுவாங்க. வெட்டாம காத்திருக்கறதை இன்னைக்குத்தான் பார்த்தேன். இதுதான் செல்லோட உயிரே" என்றார். சீனுவாசன் அரை நிமிடம் யோசித்தார். பிறகு பக்கத்தில் குனிந்து, "அந்த வெயிட்டிங் நான் குடுத்த ஐடியாதான் மேடம்" என்றார்.

அழுத ஜோடி யார் என்று கண்டக்டருக்கு நான் சொல்ல வேண்டும். அழவில்லை, ஃபேனுக்குச் சண்டை போட்டார்கள். இப்போதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

மெட்ராஸ் குழு வரவில்லை. அடுத்த வருடமும் விசில்தான் என்று தாளாளர் சொல்லிவிட்டார். ஆனால் ருசி கண்டவர் அல்லவா, இந்த முறை மனித செல் வேண்டும் என்கிறார். பிரபாவதி சந்தோஷத்தில் தூங்கவில்லை. மனித செல்லுக்கு நாற்பத்தாறு குரோமோசோம்; நகல் எடுத்தால் நாற்பத்தாறு ஜோடி. தொண்ணூற்றிரண்டு பெண்கள். அதில் குரோமோசோம்களைச் சுற்றியிருக்கும் உறை பிரியும்போது கரைந்துவிடுமாம்; அதற்காக உள்ளே இன்னொரு பந்தல் போட்டு, அதன் சுவரையே கழற்றிவிட வேண்டுமாம்.

"ஆளு கெடைக்கும் சார். சேலை கெடைக்கும்" என்றார் ஆரோக்கியசெல்வி. "நாடாதான் கெடைக்காது."

வெட்டுப்பட்ட இரண்டு துண்டையும் முடிச்சுப் போட்டு வல்லத்துக்கு எடுத்துப் போனாராம். முடிச்சு இடுப்பில் உறுத்தும் என்று கெங்கம்மாள் திருப்பிவிட்டார். திண்டிவனம் கடைவீதியில் இருப்பதிலேயே கெட்டியான நாடா வாங்கிப் போனார். கெங்கம்மாள் இரண்டு கையிலும் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தார், அறுந்தது. பிரபாவதியே போனில், செல் கூட வெட்டின வளையத்தை மறுபடி ஒட்டாது, புதுசாகத்தான் செய்யும் என்று விளக்கிப் பார்த்தார். "அப்ப அந்தச் செல்லு கிட்டயே கேட்டு ஒண்ணு வாங்கிக் குடு தாயி" என்று பதில் வந்தது. அதோடு, தன் நாடா வந்து சேரும்வரை மிஸ்ஸுக்கு யாரும் ஆளும் கொடுக்காதீர்கள், நாடாவும் கொடுக்காதீர்கள் என்று அந்தப் பக்கத்துக் குழுக்களுக்கெல்லாம் கெங்கம்மாள் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் கிளம்பும்போது மிஸ்ஸின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் நெருப்பைத் தொட்டது போல அதைக் கணவரிடம் நீட்டினார்.

"நீங்க பேசுங்க. நான் ரிகர்சல்ல இருக்கேன்னு சொல்லுங்க."

ரிகர்சல் எதுவும் இல்லை. மரிய அருண் பழக்க தோஷத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"தம்பி, ஜல்தியா மிஸ்ஸு கிட்ட சொல்லு" என்றது வல்லம். "மாத்துப் பாவாடைய கையில புடிச்சிக்கினுதான் நடக்கறேன்."